எடுக்காத யானை

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
தூங்காமல் வந்திருந்தோம், நானும் ரோஸ்னித்தாவும்.
ஜார்ஜ்டவுன் ஹோட்டல், மூன்றாவது மாடி.
குளிர்சாதனம் எலும்பில் ஏறியது.
எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் சில்லு பார்த்த கண்ணுக்கு
திரையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு வீட்டுமனை.

கண்ணாடிக்கு அப்பால் இருவர்.
வெள்ளைக்கு யெர்லான்; கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தான்.
கறுப்புக்கு பாலாஷ்;
வாழைப்பழத்தைப் பாதி உரித்தவன் அதை மறந்தே போனான்.

இருபத்து மூன்றாவது நகர்வு.
சி மூன்றில் நின்ற குதிரையை வெட்டி
அங்கே ராணியை வைத்தான் பாலாஷ்.
பக்கத்துச் சிப்பாய் சாய்ந்து எட்டினால்
போய்விடும் ராணி.

"மெந்திரி!" என்று முழங்கையில் கிள்ளினாள் ரோஸ்னித்தா.
நான் மந்திரியைத் தேடினேன்.
எஃப் ஆறில் பத்திரமாக இருந்தது.
அவள் மொழியில் ராணிதான் மெந்திரி.
என் மந்திரி அவளுக்கு காஜா, யானை.
என் யானையோ அவளுக்குத் தீர்;
எப்போதோ கப்பலேறிப் போன நம் தேராக இருக்கலாம்.
ஆறு வருடமாக கேண்டீன் மேசையில் ஆடுகிறோம்,
அவள் யானை இன்னும் குறுக்கே போகிறது,
என் யானை நேரே.

யெர்லான் நாற்பது நிமிடம் அசையவில்லை.
எடுத்தால் தன் ராஜாவின் வாசற்கதவைத் தானே கழற்றுவதாகும்.
எடுக்காவிட்டால் ராணி இன்னும் ஓரடி வைப்பாள்,
பின்னால் மூலை பார்த்து நிற்கும் மந்திரி போதும் அவளுக்கு.
திரையோரத்தில் கணினியின் பட்டை
கறுத்துக்கொண்டே போனது.
பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
பார்த்தேன். பிறகு உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்,
அடுத்தவர் கடிதம் போல.

நாற்பத்தோராவது நிமிடம்
யெர்லான் தன் யானையை டி எட்டில் கொண்டுபோய்ப் போட்டான்.
செக்.
நாற்காலிகள் கிறீச்சிட்டன.
கறுப்பு யானை எடுத்தால்
ராணியின் முதுகில் ஒரு காவல் குறையும்.
மந்திரி எடுத்தால் அந்த நீண்ட மூலைக்கோடே அணைந்துவிடும்.

"எதனால் எடுப்பான்?"
"காஜா."
"யானையா?"
"இல்லை லா, காஜா!"
பின்வரிசையிலிருந்து யாரோ உஸ்ஸென்றார்.

பாலாஷ் எதனாலும் எடுக்கவில்லை.
ராஜாவை மட்டும் ஒரு கட்டம், ஜி ஏழுக்கு.
தூறல் விழுந்தால் கடைக்கூரைக்குள்
ஒரு காலை உள்ளே வைப்போமே, அவ்வளவுதான்.

பலகையைப் பார்த்தேன்.
வெட்டுப்பட நிற்கும் ராணி.
வெட்டுப்பட நிற்கும் யானை.
எடுங்கள் எடுங்கள் என்று இரண்டும் கெஞ்ச
கைநீட்ட ஒருவருமில்லை.
குருதி சிந்தும் இடமென்று நினைத்து வந்த எனக்கு
தொண்டையில் என்னவோ அடைத்தது.
ரோஸ்னித்தா வாயைத் திறந்தவள்
அப்படியே விட்டுவிட்டாள்.

யெர்லானுக்குக் காதுநுனி சிவந்தது.
எங்கே தேடினும் வழியில்லை என்பது
அவனுக்கு எங்களைவிட வெகுமுன்பே தெரிந்திருக்க வேண்டும்;
ஆனாலும் தேடினான்.
வழி தேடினானா, அந்த நகர்வைத்தான் ரசித்துக்கொண்டிருந்தானா,
இன்றுவரை எனக்குச் சந்தேகம்.
கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுத்தான்.

எழுந்து போவார்கள் என்று பார்த்தால் போகவில்லை.
காய்களை முன்னும் பின்னும் இழுத்து
நடக்காத ஆட்டங்களை நடத்தினார்கள்.
இப்போது யெர்லான் ராணியை எடுத்தான், பாலாஷ் யானையை எடுத்தான்,
வேறு பத்து வழிகளில் செத்துப் பிழைத்தார்கள்.
பொதுமொழி அரைகுறை; விரல்கள் மட்டும் சரளம்.
பேச்சின் நடுவே அந்தப் பாதி வாழைப்பழத்தை
எடுத்துத் தின்றவன் யெர்லான்.
பாலாஷ் அதையும் கவனிக்கவில்லை.

வெளியே பட்டப்பகல், புழுக்கம், பேருந்து.
ரோஸ்னித்தா என் தோளில் தூங்கிப்போனாள்.
எங்கள் நிறுத்தம் வந்தது, போனது.
எழுப்பவில்லை.
நான் இன்னும் ஜி ஏழில் இருந்தேன்.